இரட்டிப்பாகக் கேட்ட மானியம்

விஷ்ராந்த்வாடி, பூனா
ஜனவரி 1979

பிரியமுள்ள மைத்துனர் தேவநேசனுக்கு ஆபிரகாம் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும் உம் அக்கா மேவிஸும் சுகம். வானவடியில் நீரும் குடும்பத்தாரும் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரித் தமிழ் மாணவர் மன்றத்துக்கு நான் ஆலோசகராக இருப்பது தகுதியால் அல்ல, வேறு ஆள் அகப்படாததால் என்பதை நீர் அறிவீர். சென்ற ஆண்டு நாடகத்துக்கு வேண்டிய மானியத்தை உள்ளபடியே கேட்டேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் வழக்கம்போல் பாதியை வெட்டினார்கள். திரைக்கு வாடகை கொடுக்க வழியின்றி, செத்துப்போன ராஜா எல்லோரும் பார்க்க எழுந்து உள்ளே நடந்து போனார். இந்த வருஷமும் அப்படியானால் மன்றத்தையே கலைத்துவிடுவோம் என்று பிள்ளைகள் சொல்லவே, "அத்தான், ரெண்டு மடங்கா கேளுங்க, வெட்டினது போக சரியா நிக்கும்" என்ற உம் யோசனையை ஏற்று எழுதினேன்; கையெழுத்திடாமல் பேனாவை மூடி வைத்தேன்; "என்ன, கொள்ளையா அடிக்கப் போறிய? கையெழுத்தப் போடுங்க" என்றாள் உம் அக்கா, போட்டேன். மன்றச் செயலாளர் மில்ட்ரெட்டோடு மனுவை எடுத்துப் போனால், சூப்பரின்டென்டென்ட் காளே கண்ணாடியைக் கழற்றி, "இவ்வளவும் தேவைதானா சார்?" என்கிறார், நான் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன், "அங்கிள், நீங்க பேசாதீங்க ப்ளீஸ்" என்று மில்ட்ரெட் காதோரம் கெஞ்சுகிறாள், அவரோ என் மௌனத்தை மனவருத்தம் என்று எடுத்துக்கொண்டு, "எல்லாரும் ரெண்டு மடங்கு கேப்பாங்க, நானும் பாதியை வெட்டுவேன், போன வருஷம் நிஜத் தேவையை மட்டும் கேட்ட உங்களுக்கும் அப்படியே வெட்டிட்டேன், அந்த ராஜா எழுந்து போனப்போ முன்வரிசையில நான்தான் உக்காந்திருந்தேன், இந்தத் தடவை ஒரு பைசா வெட்டமாட்டேன்" என்று இந்தியில் சொல்லி, முழுவதுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளைகள் அன்றைக்கே பெரிய மண்டபமாகப் பேசிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நாடகத்துக்கு நீர் அவசியம் வர வேண்டும். யோசனை சொன்னவருக்கு மாலை போடுவார்களாம்.

கர்த்தர் உம் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உம் அத்தான்,
ஆபிரகாம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மனம் கேளாமல் காளேயிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீ வரவழைத்தார். "வாயால சொன்னா ஃபைல் ஏத்துக்காது சார், எழுதிக் குடுங்க" என்றார். அவர் நீட்டிய படிவத்தில் தெளிவாகவே எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை மானியம் இல்லை, ஆகவே நாடகமும் இல்லை. மில்ட்ரெட் என்னோடு பேசுவதில்லை. இரட்டிப்பாகக் கேட்கச் சொன்னது யார் என்று கேட்டிருந்த இடத்தில் உம் முழுப் பெயரையும், உம் தணிக்கை அலுவலகத்தின் விலாசத்தையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை நீர் வர வேண்டாம். விசாரணைக்காரர்களே அங்கு வருவார்கள் என்று நினைக்கிறேன்.