மிஷின் பாயும் என் இத்தாலித் துப்பாக்கியும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் உள்ள ஜனத்தொகையில் நான் மனமார வெறுத்த ஒரே மனிதர் மிஷின் பாய்தான். வேறு யாரையும் வெறுக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருக்கே சரியாகப் போய்விடும்.

காரணம் ரொம்பச் சின்னது. அவர் என்னைவிட நன்றாகச் சுடுவார்.

சுடுவது என்றதும் பயந்துவிட வேண்டாம். குன்றத்தூரைத் தாண்டி, மூடிப்போன ஒரு கல்குவாரிக்குள் எங்கள் கிளப் இருக்கிறது. வரிசையாக ஐந்து பேர் நிற்போம். முறை வந்தவர் "புல்!", அதாவது ஆங்கிலத்தில் 'இழு', என்று கத்தினால், எதிரே பள்ளத்துக்குள் இருக்கும் எந்திரம் களிமண்ணால் செய்த ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றை வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. பறவைக்கோ மனிதனுக்கோ எந்தச் சேதாரமும் கிடையாது. என் மனநிம்மதியைத் தவிர.

நான் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வு மேலாளர். லைசென்சுக்காக மூன்று வருடம் நடையாய் நடந்து, என் சாந்த குணத்துக்கு அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லி, இத்தாலியிலிருந்து ஒரு துப்பாக்கி வரவழைத்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரட்டைக் குழல். பக்கவாட்டில் பூ வேலைப்பாடு. அதைப் பெட்டியிலிருந்து எடுத்தால் கிளப்பே எழுந்து வந்து பார்க்கும். எழுந்து வந்தது இரண்டே இரண்டு ஞாயிறுதான். மூன்றாவது ஞாயிறு மிஷின் பாய் வந்துவிட்டார்.

அவர் சுட வரவில்லை. தட்டு வீசும் எந்திரம் மக்கர் செய்தது. தாம்பரம் மார்க்கெட்டில் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற ஒரு பாய் எதையும் சரிசெய்வார் என்று யாரோ சொல்ல, எங்கள் செயலாளர் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸுக்குள் ஸ்க்ரூ டிரைவர். பள்ளத்துக்குள் இறங்கி, எந்திரத்தின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"ஸ்பிரிங்கு அழுவுது சார். யாரோ ரொம்ப இஸ்த்துட்டாங்கோ."

பத்து நிமிடத்தில் தட்டு பறந்தது. செயலாளர் சந்தோஷத்தில், "நீங்களும் ஒண்ணு சுட்டுப் பாருங்க பாய்" என்று கிளப்பின் பழைய துப்பாக்கியைக் கொடுத்தார். அதன் கட்டை விரிசல் விட்டு, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. பாய் அதை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டு, "புல்" என்றார். கத்தக்கூட இல்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்வது மாதிரி சொன்னார். தட்டு வானத்திலேயே பொடியாகிவிட்டது. என் முதல் தட்டை உடைக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

அன்று முதல் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாக அவரும் உறுப்பினர். பெயர் பதிவேட்டில் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவருடைய துப்பாக்கிப் பராமரிப்பு ஒரு தனிக் கூத்து. சுடுவதற்கு முன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலையும் வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "மேகம் தெரியுது. கீழ ரூமுலயும் தெரியுது" என்று அறிவிப்பார். அப்புறம்தான் தோட்டா. ஒவ்வொரு தோட்டாவையும் காதருகே குலுக்கி, தேங்காய் வாங்குவது போல இரண்டைக் கழிப்பார். சுட்டு முடித்ததும் துணியைக் கம்பியில் சுற்றிக் குழலைத் துடைத்தபடியே துப்பாக்கியோடு பேச்சு.

"இன்னாமா, இன்னிக்கி ரொம்ப சூடா கீற? இரு இரு, ஆறட்டும்."

இந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்து கிளப் சிரிக்கும் என்று காத்திருந்தேன். கிளப் கற்றுக்கொண்டது. இரண்டே மாதத்தில் ஒரு டாக்டரும் இரண்டு வக்கீலும் தோட்டாவைக் காதருகே குலுக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒருநாள் என் இத்தாலித் துப்பாக்கிக்கு நான் எண்ணெய் போடுவதைப் பார்த்துவிட்டார்.

"சார், ஒரு சொட்டு போதும். இது வடை சுடற சட்டி இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

வீட்டிலும் விடிவு இல்லை. என் மனைவியின் தையல் மிஷின் நின்றுபோனபோது, இருக்கிற ஆயிரம் கடைகளை விட்டுவிட்டு அவள் அவர் கடைக்கே போயிருக்கிறாள். திரும்பி வந்து சொன்னாள்: "என்ன பொறுமைங்க அந்த பாய்க்கு! உங்க துப்பாக்கியையும் அவர்கிட்டயே குடுத்துப் பழகச் சொல்லலாம்ல? சும்மாதானே இருக்கு."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொன்னேன். இருந்தது.

அவர் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்வது என் கொள்கையாகிவிட்டது. மழைக்காலத்தில் ஒருமுறை, "தோட்டாவ கார் டிக்கியில வெக்காதீங்க சார். ஈரம் பூந்துச்சுன்னா பேஜார் பண்ணும்" என்றார். அதுவரை தோட்டாவை வீட்டு அலமாரியில் வைத்திருந்தவன், மறுநாளே எடுத்து டிக்கியில் வைத்தேன். அந்த டிக்கி ஒழுகும் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கிளப்புகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி எடுத்தார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்குக் கடைசிச் சுற்றில் நானும் பாயும். வரிசையில் நான் மூன்றாவது, அவர் எனக்கு அடுத்து. நடுவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விதிப் புத்தகத்தை மீறி மூச்சுகூட விடமாட்டார்.

இருபது தட்டு முடிந்தபோது பாய் இருபதுக்கு இருபது. நான் பதினெட்டு. என் வயிறு எரிந்த எரிச்சலில் குன்றத்தூர் மலைக் கோயில் வரைக்கும் வெளிச்சம் தெரிந்திருக்கும்.

இருபத்தொன்றாவது தட்டு. "புல்!" தட்டு பறந்தது. விசையை இழுத்தேன். 'டமார்' என்று வரவேண்டிய சத்தம், கேஸ் இறங்கிய சோடா பாட்டிலைத் திறந்தது போல 'புஸ்' என்று வந்தது. தட்டு ஆடாமல் அசையாமல் போய்ச் சேர்ந்தது.

கெட்ட தோட்டா என்றால் மறு தட்டு உண்டு. நடுவர் தலையசைத்தார். இருந்த வேகத்தில் துப்பாக்கியைத் திறந்தேன், பழையதை எறிந்தேன், புதுத் தோட்டா போட்டேன், தோளுக்கு ஏற்றினேன்.

"சுடாத! யோவ், சுடாத சார்! தொற அத்த!"

பாய்தான். அதுவரை ஒருமுறைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தன் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை உருவிக் கீழே போட்டு, துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார். நடுவர் விசில் ஊதினார். நான் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தினேன். பாய் என் துப்பாக்கியை வாங்கித் திறந்து காலிசெய்து வானத்துக்கு நேரே பிடித்தார்.

"பாரு சார்."

பார்த்தேன். மேல் குழலில் வெள்ளையாக வானம். கீழ்க் குழலில் இருட்டு.

துடைக்கும் கம்பியை விட்டு அவர் இடிக்க, ஒரு பிளாஸ்டிக் அடைப்பும் ஒரு பிடி ஈயக் குண்டுகளும் தரையில் கொட்டின. ஈரமான வெடிமருந்துக்குப் பலமில்லாமல், சரக்கு பாதி வழியிலேயே குழலுக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு தோட்டாவை வெடித்திருந்தால் குழலே கிழிந்திருக்கும். குழலைத் தாங்கியிருந்தது என் இடது கை. அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன். ஐந்து விரலும் இருந்தன. முப்பது வருடமாகத் தரம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"சத்தம் சரியா இல்ல சார். சரக்கு வெளிய வந்தா அப்டி சத்தம் வராது" என்றார் பாய்.

நடுவர் தொண்டையைச் செருமினார். "செஞ்சது நல்ல காரியம்தான். ஆனா அனுமதி இல்லாம இடத்தை விட்டு நகர்ந்தது தப்பு. உங்களுக்கு ஒரு தட்டு பூஜ்யம்."

"போட்டுக்கோங்க சார்" என்றார் பாய். பிறகு என் ஈரத் தோட்டாக்களை ஓரமாக வைத்துவிட்டுத் தன்னுடையதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து என் பையில் போட்டார்.

அந்தத் தோட்டாக்களை வைத்து மிச்சம் ஐந்து தட்டையும் நான் உடைத்தேன். அந்தப் படபடப்பு அடங்காமல் அவர் இரண்டைத் தவறவிட்டார். நான் இருபத்து மூன்று, அவர் இருபத்திரண்டு. ஆறு வருடத்தில் முதல் தடவையாக மிஷின் பாயை ஜெயித்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. கிளப் மொத்தமும் பாயைச் சுற்றி நின்று டீ கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. ஆனாலும் செயலாளரிடம் போய், "என் இடத்தை பாய்க்குக் குடுத்துடுங்க" என்றேன். ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை.

பாய் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தோட்டா என்னுதுதானே சார்? அப்ப பாதி நான்தான் போறேன். நீங்க போய்ட்டு வாங்கோ."

போனேன். பதினோராம் இடம். என் பாதி சொதப்பிவிட்டது என்று சொன்னேன். சிரித்தார்.

போன மாதம் அவருக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை. மகன் துபாயில் இருக்கிறான். கிளப்பில் டாக்டரே இருக்க, அவர் போன் செய்து கூப்பிட்டது என்னைத்தான். இதற்காகவாவது மற்றவர்கள் என்மேல் பொறாமைப்பட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். துணைக்கு வந்தவரின் உறவுமுறை என்று ஒரு கட்டம். 'நண்பர்' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அடித்துவிட்டு 'தம்பி' என்று எழுதிக் கொடுத்தேன்.

நர்ஸ் அவர் பெயரைப் படித்தாள். என் பெயரைப் படித்தாள். என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தாள்.

"கூடப் பொறந்தவரா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.