இடது காதின் நீளம்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் சும்மா இருப்பது அவர்களுக்கும் நாட்டுக்கும் நல்லதல்ல என்று மேலிடம் கண்டறிந்ததைத் தொடர்ந்து, கல்லூரி ஒன்றின் மூன்றாம் மாடியில், பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்களுக்கான பதினைந்து நாள் உளவியல் அறிமுக வகுப்பு முறைப்படி தொடங்கப்பெற்றது. அறையில் மின்விசிறிகள் இரண்டு, சுழல்வது ஒன்று. முப்பத்திரண்டு பிள்ளைகளும் அந்த ஒன்றின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு மனித மனத்தை அறியலாயினர்.

பாடம் எடுத்த ஆசிரியை, தாம் கற்பிப்பதைத் தாமே நம்பும் அபூர்வப் பிறவி. எட்டாம் நாள் பாடம் 'கீழ்ப்படிதல்'. எதற்கென்று கேளாமலே மனிதர் எந்தத் தாளையும் நிரப்பித் தருவர் என்பதைக் கண்ணெதிரே காட்ட எண்ணி, அவரே ஒரு படிவம் தயாரித்தார். பெயர், வயது, இடது காதின் நீளம். அடியில் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

முப்பத்தொரு பேர் அளவுகோலைக் காதில் வைத்தனர்.

"மிஸ், முடிய ஒதுக்கிட்டு அளக்கணுமா?"

"மிஸ், மில்லிமீட்டர்ல எழுதினா மார்க் குறைப்பீங்களா?"

ஒருத்தி மட்டும் பேனாவை மூடி வைத்தாள். 'கேள்விக்குறி' என்று வகுப்பு அவளுக்குப் பட்டம் சூட்டியிருந்தது.

"எதுக்கு மிஸ் இது?"

ஆசிரியைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இன்னிக்குப் பாடம் புரிஞ்சது உனக்கு மட்டும்தாம்மா. மத்தவங்களுக்கு நாளைக்கு விளக்குறேன்."

அதற்குள் மணி அடித்தது. கையொப்பக் கோடுள்ள தாள் எந்த மேசையில் கிடந்தாலும் அது அலுவலகத்தின் சொத்து என்பதால், எழுத்தர் அவற்றை அன்றே அள்ளிச் சென்றுவிட்டார். மறுநாள் காலையில் வகுப்புப் பொறுப்பாளர் ஆசிரியையை அழைத்தார்.

"முப்பத்தொண்ணு வந்திருக்கு. ஒண்ணு குறையுதே, மேடம்."

"சார், அது நிஜப் படிவம் இல்ல. பசங்க கேள்வி கேக்குறாங்களான்னு பாக்க நானே கோடு போட்டது."

"கோடு யார் போட்டா என்ன? கையெழுத்து போட்டிருக்காங்க இல்ல?"

"ரத்து பண்ணிடுங்க, சார்."

"தாராளமா பண்ணலாம். ஆனா முழுசா முடிஞ்சதைத்தான் ரத்து பண்ண முடியும். குறையா இருக்கிறத ரத்து பண்ணினா, எதை ரத்து பண்ணினோம்னு மேலிடம் கேக்காதா?"

ரத்தாகாத தாள்கள் மேலிடம் போய்ச் சேர்ந்தன; மேலிடம் எதையும் கேட்கவில்லை. 'முன்னோடி முயற்சி' எனப் பாராட்டி, மற்றப் பதினொரு மையங்களிலும் காது அளக்க ஆணையிட்டது. ஆணை வந்தபின் அதை விளையாட்டு என்று வகுப்பில் விளக்க ஆசிரியைக்கு வழியில்லாமல் போயிற்று. செய்தி வெளியில் கசிந்ததும் பெற்றோர் விழித்துக்கொண்டனர். எதிர்த் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் 'காது துல்லியமாக அளக்கப்படும்' என்று பலகை தொங்கியது.

"எங்க பையனுக்கு ஆறரை சென்டிமீட்டர்," என்றார் ஒரு தகப்பனார்.

"எங்க மச்சினர் பையனுக்கு ஏழு. இத்தனைக்கும் டியூஷன் கூட வைக்கல," என்றார் இன்னொருவர்.

இவ்வளவுக்கும் நடுவில், வகுப்பை முடித்ததற்கான கேள்விக்குறியின் சான்றிதழ் மட்டும் அலுவலக அலமாரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் கல்லூரியில் உளவியல் படிக்க அவளுக்கு இடமில்லை. புதன்கிழமை அவளுடைய அம்மா வந்தார். தையல்காரர், அளவுநாடா கழுத்திலேயே இருந்தது.

"ஊர்ல பாதிப் பேரை அளந்தவ நான். என் பொண்ணு காதை அளக்க எனக்கு அரை நிமிஷம் போதும், டீச்சர். கிட்டப் போனாலே எதுக்குன்னு கேக்குறா. நீங்க சொல்லிக் குடுத்ததாமே."

ஆசிரியை மகளைத் தனியே அழைத்துப் பேசினார்.

"ஒரு எண்ணுதானேம்மா. எழுதிட்டுப் போயேன்."

"கேள்வி கேக்கிறதுதான் பாடம்னு சொன்னீங்களே, மிஸ்."

"பாடம் வேற, சான்றிதழ் வேற," என்றார் ஆசிரியை. சொன்னது தம் வாய்தானா என்று அவருக்கே ஐயமாக இருந்தது.

"நான் முடியாதுன்னு சொல்லல, மிஸ். ஒரு காரணம் சொல்லுங்க, அளந்து தர்றேன்."

அந்தப் பெண்ணின் எதிர்காலம் ஒரு காரணத்தில் தொங்குகிறது என்றால், அதை ஆக்கித் தருவது ஆசிரியரின் கடமை அல்லவா? அன்று மாலை அவர் நூலகத்தில் அமர்ந்து மூன்று பக்கம் எழுதினார். இடது காதின் நீளத்துக்கும் கவனக்குவிப்புக்கும் தொடர்பு 'இருத்தல் கூடும்' என்றும், அது 'மேலும் ஆராயத்தக்கது' என்றும், எங்கும் பொய்யாகாத சொற்களாகப் பொறுக்கி அடுக்கினார். அடிக்குறிப்புகளும் சேர்த்தார்.

வியாழன் காலையில் கேள்விக்குறி அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் முகம் மலர்ந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, மிஸ்," என்று, அன்றும் உடன் வந்திருந்த அம்மாவின் நாடாவை வாங்கி அளந்து, எழுதி, கையொப்பமிட்டாள். சான்றிதழ் அரை மணி நேரத்தில் வெளிவந்தது. 'ஆய்வு மனப்பான்மை: மிகச் சிறப்பு' என்று அதில் கண்டிருந்தது.

படிவம் வெறும் விளையாட்டு என்பதை ஆசிரியை அப்போதே சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பெண் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அளவுகோலை வைத்து நேராகக் கோடுகள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு காதை மட்டும் வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, மிஸ். வலது காதும் வேணும். கற்பிக்கிறவங்க காதும் வேணும், ஒப்பிட்டுப் பாக்க. பொறுப்பாளர் சார்கிட்ட இப்பதான் கேட்டேன், உடனே சரின்னுட்டார். முதல்ல நீங்க."

எதுக்கு என்று கேட்க ஆசிரியை வாயெடுத்தார். கேட்டால் அவள் காட்டப்போவது தம்முடைய மூன்று பக்கங்களைத்தான் என்று உறைத்தது. தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"தோட்டைக் கழட்டணுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.