மரியாதையாகப் பேசி ஷாப்பைக் காலி செய்த கதை

கோபத்தால் கெட்டவர்கள், குடியால் கெட்டவர்கள், சீட்டாட்டத்தால் கெட்டவர்கள் எல்லாரையும் எங்கள் ஆம்பூரில் பார்க்கலாம். மரியாதையால் கெட இருந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் நம்மூர் மரியாதைகூட இல்லை, இங்கிலீஷ் மரியாதை.

வேலூரில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் 'உட் யூ கைண்ட்லி' என்பதன் மேல் உயிரையே வைத்திருந்தார். யாரிடம் எதைக் கேட்டாலும் அதை முன்னால் போட்டுக் கேட்டால் துரைமார்கூட எழுந்து ஓடிப்போய்ச் செய்வார்கள் என்பது அவர் கட்சி. அதை வைத்து வாக்கியம் வாக்கியமாக எழுத வைப்பார். 'தயவுசெய்து ஜன்னலைத் திறப்பீர்களா' என்று இங்கிலீஷில் எழுதி நான் கைதட்டல் வாங்கினேன். (எங்கள் வீட்டில் ஜன்னலே கிடையாது.) லீவுக்கு வந்தபோது அம்மாவிடம், "உட் யூ கைண்ட்லி கிவ் மீ கஞ்சி" என்றேன். "இன்னாடா ஆச்சு உனுக்கு, ஜொரமா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மெட்ரிகுலேஷன் தேறியதும், என் தாய்மாமா தான் மேஸ்திரியாக இருந்த தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வது) எனக்குக் குமாஸ்தா வேலைக்குச் சொல்லிவைத்தார். ஒரு மாதம் பார்ப்பது, சரிப்பட்டால் நிரந்தரம் என்று முதலாளி சாயபு சொல்லிவிட்டார். மாமா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். வேலை நிரந்தரமானால்தான் அவர் மகள் எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் என்று கோயிலில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) ஓலை வாசித்து அறிவிக்கச் சொல்வாராம். எஸ்தரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆகவே அந்த மாதம் முழுக்க நல்ல பிள்ளையாக இருப்பது என்று தீர்மானித்தேன்.

ஷாப்பில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. அங்கே யாரும் யாரையும் திட்டாமல் பேசுவதில்லை. சாயபு வாசலில் நுழையும்போதே "அரே எருமைங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். மாமாவைத் திட்டுவார், தம் சொந்த மகன்களைத் திட்டுவார். மாமா ஆட்களைத் திட்டுவார், ஆட்கள் மாமாவைத் திட்டுவார்கள். சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்த முனிசாமி அண்ணன் என்னையும் என் படிப்பையும் சேர்த்துத் திட்டுவார். எனக்கு இது பெரிய அநாகரிகமாகப் பட்டது. இவர்களை ஒருநாள் திருத்திக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். (வயது பத்தொன்பது. மன்னித்துவிடுங்கள்.)

அந்த ஒருநாளும் வந்தது. கப்பலில் ஏற்றும் சரக்கு விஷயமாகச் சாயபு பட்டணம் போயிருந்தார். தோல் பதனிட வந்திறங்கிய ஆவாரம்பட்டை மூட்டைகளை எடுத்துவர மாமா ரயிலடிக்குக் கிளம்பினார்.

"சுண்ணாம்புல கெடக்கற தோலை இன்னிக்கே எடுத்துடணும். வுட்டா வீணாப் பூடும். ஆளுங்கள வெரட்டி வேலை வாங்கு" என்றார் போகும்போது.

நான் விரட்டவில்லை. குழியருகே போய் முனிசாமி அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினேன். இங்கிலீஷில் சொன்னால் அவருக்குப் புரியாதே என்று வாத்தியாரின் வாக்கியத்தைத் தமிழில் போட்டேன்.

"முனிசாமி அவர்களே, தாங்கள் தயவுகூர்ந்து இந்தத் தோல்களை வெளியே எடுப்பீர்களா?"

அண்ணன் கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தார். "தம்பி, என்னியா சொல்றே?" என்றார்.

"ஆம் ஐயா, தங்களைத்தான்."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு மெய்சிலிர்த்தது. மரியாதையையே கேட்டறியாத மனிதர் ஒரே வாக்கியத்தில் உருகிவிட்டாரே. உற்சாகம் தாங்காமல், தோலில் மயிர் சுரண்டுகிறவர்கள், பட்டைத் தொட்டியில் நிற்கிறவர்கள் என்று எல்லாரிடமும் போய்த் தயவுகூர்ந்தேன். ஒருவர் கத்தியைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுனா தப்புத்தண்டா பண்ணியிருந்தா மனசுல வெச்சிக்காத தம்பி" என்றார். அதையும் நாகரிகத்தின் முதல் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். சாப்பிடப் போகிறார்கள் என்று நானும் கும்பிட்டு வழியனுப்பினேன்.

மாமா வண்டியோடு திரும்பியபோது ஷாப்பில் நானும் ஒரு நாயும்தான் இருந்தோம்.

"ஆளுங்க எங்கடா?"

"சாப்பிடப் போயிருக்காங்க மாமா."

"காத்தால பத்து மணிக்கு இன்னாடா சாப்பாடு? இன்னா சொன்னே அவங்ககிட்ட?"

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். மாமா பட்டை மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி. சாயபு ஒரு ஆள வேலைய வுட்டு அனுப்பறப்ப மட்டும்தான்டா மரியாதையா பேசுவாரு. நாற்காலி போட்டு, சர்பத்து குடுத்து, 'வாங்க, ஒக்காருங்க, இம்மா நாளா ஒழைச்சீங்க'ம்பாரு. இங்க 'வாங்க'ன்னு காதுல வுழுந்தாலே அவன் வேலை போச்சுன்னு அர்த்தம். நீ மொத்த ஷாப்புக்கும் சீட்டக் கிழிச்சிட்டே."

குழியில் தோல் கிடந்தது. என் வேலையும் எஸ்தரும் அதோடு சேர்ந்து அந்தச் சுண்ணாம்பில்தான் கிடந்தார்கள்.

இருவரும் ஓடினோம். முனிசாமி அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நாட்றம்பள்ளியில் இருக்கும் மச்சானிடம் போய்ப் பிழைக்கலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். மாமா என்னை முன்னால் தள்ளினார். "நீயே கூப்புடு."

"மன்னிக்க வேண்டும், தாங்கள் திரும்பவும்..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் மனைவி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். மாமா என் தலையில் ஒன்று வைத்தார்.

"திட்டுடா."

பள்ளிக்கூடத்தில் எது எதையோ சொல்லிக் கொடுத்தார்கள். திட்ட மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, உனக்கு... அறிவு கொஞ்சம் கம்மி" என்றேன்.

அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "இன்னும் கொஞ்சம் சொல்லு தம்பி" என்றார்.

"குழியில தோலைப் போட்டுட்டு இங்க வந்து குந்திக்கினு கதை பேசறியே. உன்னை மாதிரி சோம்பேறிய நான் பார்த்ததே இல்ல. எழுந்து வா."

"வேலை இருக்குதுடி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மெட்ரிக்கு படிச்ச கழுதை, இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா பேஜாரு உனுக்கு?" என்றார்.

அங்கிருந்து தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டே போனோம். கடைசி வீடு வருவதற்குள் எனக்கு ஓரளவு சரளம் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தோல்கள் வெளியே வந்தன. ஏதோ சில கெட்டன, மீதி தப்பித்தன.

சாயபு பட்டணத்திலிருந்து வந்ததும் மாமா எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். நான் கைகட்டி நின்றேன். சாயபு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். சர்பத்து வருகிறதா என்று நான் வாசலைப் பார்த்தேன். அவர் கையை நீட்டி அந்த நாற்காலியை இழுத்து, தன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"எருமை" என்றார். "எத்தினி வருசமா திட்டித் திட்டிச் சேர்த்த ஆளுங்கடா. அரை நாள்ல தொரத்திட்டியே. போய் வேலையப் பாரு, கழுதை."

அவ்வளவு இனிமையான சொற்களை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. மாமா வெளியே வந்து, வேலை நிரந்தரம்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே கோயிலில் ஓலை வாசித்தார்கள்.

கல்யாணப் பத்திரிகையை வேலூரில் அச்சடித்தோம். 'தாங்கள் தயவுகூர்ந்து சுற்றம் சூழ வருகை தந்து' என்று அச்சுக்கூடத்தார் வழக்கம்போலப் போட்டுவிட்டார்கள். நானும் கவனிக்காமல் ஷாப்பில் எல்லாருக்கும் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் அத்தனை பேரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னா தம்பி" என்றார் முனிசாமி அண்ணன். "நாங்க கண்ணாலத்துக்கு வரக் கூடாதுன்னா நேராவே சொல்லேன்."

எல்லாப் பத்திரிகைகளையும் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் 'வராவிட்டால் காலை ஒடித்துவிடுவேன்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் பாக்கி இல்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணம். எஸ்தர் பத்திரிகைக் கட்டையும் மைக்கூட்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாயபுவுக்குப் போகும் பத்திரிகையை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் அவளே எழுதிக்கொள்வாளாம். எனக்கு இன்னும் சரியாகத் திட்ட வரவில்லையாம்.