கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுகிறவர்

மனிதர்களில் ஃபில்டர் பொறுக்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் வயோமிங் மாநிலத்தில் மரம் குறைவு, வெயில் அதிகம் என்பதால் இந்த இனம் இங்கே நன்றாகச் செழித்து வளர்கிறது. ஃபில்டர் என்றால் ஒன்றுமில்லை, வெயிலில் வீடியோ எடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. கேமராவுக்குக் கூலிங் கிளாஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையை மட்டும் அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். அன்று நீங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். எல்லோரும் மலையைப் பார்த்து "என்ன அழகு!" என்று வாய் பிளக்கும்போது, ஒருவர் மட்டும் தன் உள்ளங்கையை வெயிலில் நீட்டி, அதை முன்னும் பின்னும் திருப்பி, "ரெண்டு ஸ்டாப் ஜாஸ்தி" என்று வெளிச்சத்துக்குக் கணக்குச் சொல்லி முணுமுணுத்தால் அவர்தான் இவர். தோள்பையைத் திறந்தால் அஞ்சறைப் பெட்டி மாதிரி அறை அறையாக வட்டக் கண்ணாடிகள்: பாயின்ட் த்ரீ, பாயின்ட் சிக்ஸ், பாயின்ட் நைன், ஒன் பாயின்ட் டூ. எண் ஏற ஏறக் கறுப்பும் ஏறும். வெயிலில் கண் கூசினால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாமே? கூடாது, அசைவு வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால்? ஐயோ, பின்னால் இருக்கும் வேலிக் கம்பியெல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? இப்படிக் கேட்டால் பரிதாபமான ஒரு பார்வைதான் கிடைக்கும்.

ஆர்லன் கெட்ஸ் இந்த இனத்தில் முதல் தரம். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மாமியாரை அடக்கம் செய்த அன்று, கல்லறை அருகில் பைபிளைத் திறந்த பாதிரியாரிடம், மேகம் நகரும்வரை கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டவர். பாதிரியாரும் பொறுத்தார். மனைவி நடீன் மட்டும் அதை இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை.

இவர்களுடைய மகள் டெஸ்ஸா குதிரைக்காரி. மூன்று பீப்பாய்களைக் குதிரையில் ஏறிச் சுற்றிவிட்டுத் தலைதெறிக்க ஓடி வரும் பந்தயத்தில் கெட்டிக்காரி. ஒரு பீப்பாயைச் சாய்த்தால்கூடப் போச்சு. கல்லூரியின் ரோடியோ என்ற குதிரை விளையாட்டு அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி இருந்தது. கோச் தன்னால் நேரில் வர முடியாது என்றும், மாவட்டத் திருவிழாவில் அவள் ஓடுவதை வீடியோ எடுத்து அன்றே அனுப்பினால் பார்த்து முடிவு செய்வதாகவும் சொல்லியிருந்தார். கோடையின் கடைசித் திருவிழா அது. இதை விட்டால் வேறு ஓட்டம் இல்லை.

"அப்பா, ஃபோன்லயே எடுத்துடுங்களேன், போதும்" என்றாள் டெஸ்ஸா, குதிரைக்குச் சேணம் இறுக்கிக்கொண்டே.

"ஃபோனா? உன் வாழ்க்கைம்மா இது!"

"அவ வாழ்க்கைங்கறதாலதான் சொல்றா" என்றாள் நடீன்.

ஆர்லன் காலையிலேயே வேலி ஓரத்தில் இடம் பிடித்து, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். முதலில் பாயின்ட் நைன். வெயில் ஏறியதும் மைதானத்துப் புழுதி வெள்ளையாக மின்ன, ஒன் பாயின்ட் டூ. பிறகு, திருகத் திருகக் கறுக்கும் ஒரு கண்ணாடி. கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டதால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு நிழல் விழுந்தது. அதையும் கழற்றினார். ஒவ்வொன்றும் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகக் கேமராவை ஓடவிட்டிருந்தார். ஓடவிட்டதை மறந்தும் போனார். மறுபடி ஒன் பாயின்ட் டூ. மனம் நிறைந்தது.

அப்போது மேற்கே ஒரு மேகம் வந்தது. பெரிய மேகம்கூட இல்லை.

பக்கத்தில் ரோண்டா, ஒரு கையில் குச்சியில் செருகிய கார்ன் டாக் பலகாரம், மறு கையில் ஃபோன். ஆர்லனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள், அந்த உரிமையில் பேசுகிறவள்.

"யோவ் ஆர்லன், உன் பொண்ணு வாசல்ல நிக்கிறாய்யா!"

"தெரியுது ரோண்டா. வெளிச்சம் மாறுது. பாயின்ட் நைனுக்குப் போகணும்."

"நீ எங்க வேணா போ. குதிர நிக்காது."

"இரு இரு, மாட்டிட்டேன்!"

கதவு திறந்தது. ஆர்லன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது அல்லவா? அது கடமை தவறாமல் பதிவை நிறுத்திக்கொண்டது. அது தெரியாமல் அவர் எடுத்தார். எப்படி எடுத்தார் தெரியுமா? புழுதி பறக்க வளைந்து வளைந்து ஓடும் குதிரையைக் கை நடுங்காமல் தொடர்ந்தார். பின்னணி மங்கியிருந்தது, வானம் நீலமாகவே இருந்தது, மகளின் முகத்தில் வெளிச்சம் அளவோடு விழுந்தது. ஆர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியபோது சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தன் லாரியை நோக்கி நடந்தார்.

லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து மூவரும் போட்டுப் பார்த்தார்கள். முதலில் நீண்ட நேரம் காலி மைதானம், விதவிதமான கறுப்புகளில். பிறகு ஆர்லனின் பூட்ஸ். அவை வேலியிலிருந்து லாரிவரை நிதானமாக நடந்து வந்தன. தோலின் நிறம் அசலாக வந்திருந்தது.

ஆர்லன்தான் முதலில் பேசினார்.

"பாத்தீங்களா, கலர் மாறவே இல்ல."

"கோச்சுக்கு இந்த பூட்ஸயே அனுப்பிடலாமா?" என்று கேட்டாள் நடீன். டெஸ்ஸா எழுந்து குதிரையிடம் போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது அங்கிருந்தே தெரிந்தது.

ஆர்லனுக்கு வலித்தது. உண்மையாகவே வலித்தது. மகளுக்காக உயிரையும் கொடுப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வெளிச்சத்தில் கொடுப்பது என்று முதலில் முடிவாக வேண்டும்.

ரோண்டா தன் ஃபோனில் எடுத்ததை அனுப்பினாள். வானம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வேலிக் கம்பியின் முள் ஒவ்வொன்றும் தெரிந்தது. படம் ஆடியது, ஓரத்தில் கார்ன் டாக் நீட்டிக்கொண்டிருந்தது, "ஓடுடீ! ஓடுடீ!" என்று ரோண்டாவின் கத்தல் காதைப் பிளந்தது. நடுவில் டெஸ்ஸாவும் குதிரையும் ஓட்டம் முழுக்க இருந்தார்கள். டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே கோச்சுக்கு அனுப்பினாள். ஆர்லன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வானம் சுத்தமா போச்சு" என்றார். அன்று மாலையே அவர் தன் மனவருத்தத்துக்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார். பாயின்ட் நைனுக்கும் ஒன் பாயின்ட் டூவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக்கு ஆர்டர் போட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கேமராவே இல்லை என்கிறீர்கள், அதுவும் சரி. ஆனால் அந்த மேகம் வந்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? பாயின்ட் நைன் போதுமா, ஒன் பாயின்ட் டூவையே விட்டிருக்கலாமா என்றுதானே? அவள் பீப்பாயைச் சாய்த்தாளா, கோச் என்ன சொன்னார் என்று இவ்வளவு நேரமாக நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

ஒரு பீப்பாயும் அசையவில்லை. டெஸ்ஸாவை அணியில் எடுத்துக்கொண்டார்கள். போகட்டும், நீங்கள் ஃபில்டரைப் பற்றி மேற்கொண்டு யோசியுங்கள்.