இடது காதில் பாட்டு வரவில்லை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஜோடி பார்க்கும் மேஜைக்கு நான் சூப்பர்வைசர். இடதுக்கும் வலதுக்கும் நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் பிடித்துவிடுவேன். அந்தக் குணத்தை வீடு வரைக்கும் கொண்டுபோனதுதான் தப்பு.

மூன்று வருடத்துக்கு முன் வேலூரில் ஒரு புது போனும், ஒயர் இல்லாத இயர்போனும் வாங்கினேன். போனில் இருந்த ஒவ்வொரு செட்டிங்கையும் திறந்து பார்த்து டைரியில் குறித்துக்கொண்டேன். மறுநாள் ப்ளூடூத்தை ஆன் செய்து இயர்போனை இணைத்தேன். வலது காதில் பாட்டு. இடது காதில் ஒன்றுமே இல்லை.

முதல் சந்தேகம் கடைக்காரர் மேல். (சிரிச்சுக்கிட்டே வித்தார். அப்பவே நினைச்சேன்.) முழுசாகச் சார்ஜ் ஏற்றினேன். இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணைத்தேன். இயர்போன் வலைக்கண்ணை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். போனை அணைத்துப் போட்டேன். பதினோரு முயற்சி, பதினொன்றும் நேரத்தோடு டைரியில் இருக்கிறது. கடைசியில் பழைய ஒயர் ஹெட்போனை எடுத்து, பின்னை ‘டக்’ என்று உட்காரும்வரை சொருகினேன். அதிலும் இடது பக்கம் மௌனம்.

இரண்டு வேறு லாட்டில் ஒரே குறை வந்தால், குறை சரக்கில் இல்லை, மெஷினில். இது கம்பெனியில் நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இங்கே மெஷின் எது? என் காது. சிவப்பு மையில் எழுதினேன்: ‘இடது காது போய்விட்டது.’

அடுத்த வாரம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். காது மந்தம் என்று தெரிந்தால் மெஷினும் வண்டியும் ஓடுகிற இடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். போன தடவை தோல் வெட்டும் கட்டிங்கில் ஒருவரை அப்படித்தான் குடோனுக்கு அனுப்பினார்கள். பதினெட்டு வருட மேஜை போய்விடும்.

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி இடது காதில் வைத்தேன். டிக் டிக் கேட்டது. வலது காது ஒட்டுக்கேட்கிறதோ என்று சந்தேகம். வலதில் பஞ்சு அடைத்தேன். அப்போதும் கேட்டது. பஞ்சைச் சந்தேகப்பட்டேன்.

இடது பக்கம் இருந்து மனைவி மல்லிகா கூப்பிட்டால் உடம்பையே திருப்பினேன்.

“இன்னாங்க, கழுத்துப் பிடிப்பா?”

“ஒண்ணுமில்ல, கம்முனு இரு.”

(அவள் காதில் ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரகசியம் வெளியே போயிடுமே!)

செக்கப் அன்று ஒரு திட்டத்தோடு போனேன். எனக்குப் பின்னால், கதவோரம், பக்கத்து மேஜை நஸீர் பாய். சோதனை செய்கிற அம்மா எதிரே உட்கார்ந்து, பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார். “சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க சார்.”

வலது காது முழு மார்க். இடதுக்கு என் கண்ணை நம்பினேன்: அவர் விரல் அசைந்தால் சத்தம் அனுப்புகிறார் என்று கணக்கு. அவர் விரல் அசைந்தது, அழுத்தினேன். அசைந்தது, அழுத்தினேன். நாலு தடவை.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். “சார், நான் இன்னும் சத்தமே அனுப்பல. பேனா மூடியத் தேடிட்டு இருக்கேன்.”

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மறுபடி சோதித்தார். “ரெண்டு காதும் நல்லா இருக்கு.”

“மெஷின் சரியா இருக்கா மேடம்?” என்றேன். அவர் முறைத்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, போனையும் ஒயர் ஹெட்போனையும் நீட்டினேன்.

“காது மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?”

அதிர்ந்துபோனேன். “இடதை வலதுலயா? அதுலதான் எல், ஆர்னு போட்டிருக்கே!”

நஸீர் பாயால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அண்ணே, இது இன்னா ஷூவா? மாத்திப் போட்டா கால் கடிக்காதுண்ணே!”

மாற்றிப் போட்டேன். ‘போய்விட்ட’ இடது காதில் பாட்டு அலறியது. நல்ல காதில் மௌனம். அந்த அம்மா போனை வாங்கி ஒரு செட்டிங்கைத் திறந்தார். எல்லுக்கும் ஆருக்கும் நடுவே ஒரு கோடு. அதில் இருந்த புள்ளி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“யாரோ தள்ளி வச்சிருக்காங்க சார்.”

யாரோ! வீடு போகும்வரை மனதில் நான்கு பேரை விசாரித்தேன். பிறகு டைரியைத் திறந்தேன். போன் வாங்கிய அன்று, என் கையெழுத்தில்: ‘இங்கே ஒரு புள்ளி இருக்கிறது. வலது ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.’ (பாட்டே ஓடாதப்போ இன்னா மாற்றம் வரும்?)

மேஜை தப்பியது. நஸீர் பாய் வாயால் மானம்தான் தப்பவில்லை. தன் அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று மல்லிகா கேட்டு நான் பதில் சொல்லாவிட்டால், “காதை மாத்திப் போட்டுக் கேளுங்க” என்கிறாள். கம்பெனி செக்கப்பில் எல்லோரும் சோதிக்கிறவரைப் பார்த்து உட்காருகிறார்கள். என் முறை வந்தால் மட்டும், யாரும் சொல்லாமலே, நஸீர் பாய் எழுந்துபோய் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடுகிறார்.