ஓட்கா கொடுத்த தைரியம்

“நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல சார். வாசனை பட்டாலே தலை சுத்தும்.”

“அதனாலதான்யா உன்னக் கூப்பிடறேன்,” என்றார் மானேஜர். “பழக்கமில்லாத உடம்புலதான் பளிச்சுனு தெரியுமாம்.”

லாரி கம்பெனி குமாஸ்தாவுக்குப் ‘பூனை’ என்று பெயர். வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. இன்று அத்தனை டிரைவர்களின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றான்.

ரத்தத்தில் மது ஏறினால் உடம்பு என்ன ஆகும் என்று பாடம் நடத்த வந்திருந்தார் டாக்டர். மேஜையில் நர்ஸ் கலந்து வைத்த இரண்டு கப் ஜூஸ். ஒன்றில் மட்டும் ஓட்கா. வித்தியாசம் தெரியாமலிருக்க இரண்டிலும் காரமாக இஞ்சிச் சாறு. ஊதிப் பார்க்கும் மெஷினுக்கு பேட்டரி வாங்க நர்ஸ் வெளியே போயிருந்தாள்.

“வெறும் ஜூஸ் எனக்கு,” என்றார் மானேஜர். “நிதானமா இருக்கறவன் எப்படி இருப்பான்னு இவனுங்க பாக்கட்டும்.”

டாக்டர் ஆளுக்கொன்றைக் கொடுத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். தொண்டை எரிந்தது.

பாடம் நடந்தது. “முதல்ல கூச்சம் போகும்,” என்றார் டாக்டர். பூனைக்குக் காது சூடாயிற்று. சட்டென்று எழுந்தான்.

“சார், இந்த ஆபீஸ்ல ஃபேன் உங்க தலைக்கு மேல மட்டும்தான் ஓடணுமா?”

“பாத்தீங்களா, போயிடுச்சு!” என்று டாக்டர் குதூகலித்தார். டிரைவர்கள் விசிலடித்தார்கள். மானேஜர் கத்துவார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பூனையின் வேலை போய்விடுமே என்று பதறிய ஒரு டிரைவர் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பூனை குடித்துவிட்டு நாற்காலி மேல் ஏறினான்.

“காப்பியில தூக்கம்தான் கலையும், போதை இறங்காது,” என்றார் டாக்டர். “கல்லீரல் அதுபாட்டுக்கு மெதுவாத்தான் வேலை செய்யும்.”

அதைக் கேட்காத இன்னொருவர் ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார்.

“இப்ப நனைஞ்ச குடிகாரன் கிடைப்பான், அவ்வளவுதான்!” என்றார் டாக்டர்.

சொட்டச் சொட்ட நின்ற பூனையின் குரல் உடைந்தது. “என்னைய நைட் ஷிப்ட்ல போட்டீங்க. நான் வீட்டுக்குப் போறப்ப பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்பிடறா. அவ டியூஷன் முடிஞ்சு திரும்பறதுக்குள்ள நான் இங்க வந்தாகணும். அவ குரல போன்லதான் சார் கேக்கறேன்.”

தொலைந்தான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மானேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு எழுந்தார். மேஜையில் இடித்துக்கொண்டார். அவர் கண்கள் குளமாகியிருந்தன.

“ஏன்யா இத்தன நாளா சொல்லல?”

“தைரியம் இல்ல சார்.”

“நாளையிலேர்ந்து உனக்குப் பகல் ஷிப்ட். இங்க இருக்கற எல்லாரும் சாட்சி!” ஈரத்தோடு அவனைக் கட்டிப்பிடித்துத் தோளில் சாய்ந்து விசும்பினார். விடவே இல்லை.

டாக்டர் நெகிழ்ந்துபோனார். “ஒரு சொட்டு மது உள்ள போகாத மனுஷனோட மனசப் பாருங்க. இதுதான் நிதானம்!”

பேட்டரியோடு உள்ளே வந்த நர்ஸ் இருவரையும் பார்த்தாள், காலிக் கப்புகளைப் பார்த்தாள். டாக்டரின் காதருகே குனிந்தாள்.

“டாக்டர், ஓட்கா கலந்த கப்ப ஏன் மானேஜருக்குக் குடுத்தீங்க?”