இருபத்து மூன்று அங்குலம்

எங்கள் அலுவலகத்தில் வாகன உதிரிப் பொருள் கேட்க வேண்டுமானால் பதினான்காம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் ‘சக்கரத்தின் அளவு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு கட்டம். பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் படிவத்தை நிரப்பி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கட்டத்தால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. லாரிக்கு ஒரு அளவு, ஜீப்புக்கு ஒரு அளவு, கட்டமும் ஒன்று. உலகம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்களுடையது பதில் பட்டுவாடாப் பிரிவு. பொதுமக்கள் எழுதும் மனுக்களுக்கு மேலிடம் தரும் பதில்களை அவரவர் வீட்டில் கொண்டு சேர்ப்பது வேலை. பன்னிரண்டு பேர் சாதாரண சைக்கிளில் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் இயக்குநர் நான்கு நாள் வெளிநாட்டுப் பயணம் போனார். அங்கே யாரோ ஒருவர் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி மிதித்தபடி சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டார். வந்த கையோடு சுற்றறிக்கை விட்டார்: ‘நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் முறை காலாவதியாகிவிட்டது. இனி இப்பிரிவின் சேவையானது சாய்நிலை மிதிவண்டிகள் வாயிலாக மக்களைச் சென்றடையும்.’ ஆயுசு முழுக்க நாற்காலியில் சாய்ந்தே வேலை பார்த்தவருக்கு இது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அடுத்த மாதமே பக்கத்துத் துறையும் தங்களுக்கும் அதே வண்டி வேண்டும் என்று அடம்பிடித்தது. அவர்களுக்குப் பட்டுவாடா வேலையே கிடையாது.

பன்னிரண்டு வண்டிகள் வந்து இறங்கின. ‘படுக்கை வண்டி’ என்று எங்கள் ஆட்கள் பெயர் வைத்தார்கள். வந்த வாரமே பன்னிரண்டு பேருக்கும் ஒழுங்குப் பிரிவிலிருந்து, ‘பணி நேரத்தில் படுத்த நிலையில் காணப்பட்டமைக்கு விளக்கம் தருக’ என்று ஓலை வந்தது. அதற்குப் பதில் எழுதவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். புது வண்டியோடு ஓர் உத்தரவும் வந்திருந்தது: ஆறு மாதம் ஓட்டிவிட்டு, கடைசியில் இயக்குநர் முன்னிலையில் ஓட்டிக் காட்டித் தேறுகிறவருக்கு நிரந்தரப் பணி. இருப்பது ஒரே இடம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

மாப்பிள்ளைக்குத்தான் அந்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். சக்கரம் என்றால் அவருக்கு உயிர். காலையில் கிளம்பும் முன் இரண்டு டயர்களையும் விரலால் ஒரு சுற்றுத் தடவி, கண்ணாடிச் சில்லோ முள்ளோ ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். காற்றை அளந்து அடிப்பார். பிறகு சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிச் சத்தம் கேட்பார்.

“சாதா சைக்கிள்ல பள்ளம் வந்தா பெடல்ல ஏறி நின்னுக்கலாம் மச்சான். இதுல எழுந்திருக்கவே முடியாது. விழற அடி மொத்தமும் பின் சக்கரத்துக்குத்தான். டயர் நல்லா இல்லேன்னா கம்பி பட்டுபட்டுன்னு தெறிச்சிடும்” என்பார்.

மூன்றாம் மாதம் டயர்கள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. மாப்பிள்ளை என் மேசைக்கு வந்தார்.

“முன்னாடி இருபது இஞ்சு, பின்னாடி இருபத்தாறு. எழுதிக்குங்க.”

“ஒரு வண்டிக்கு ரெண்டு அளவா?”

“வண்டியோட அமைப்பே அப்படித்தான். காலை முன் சக்கரத்துக்கு மேல நீட்டணும்ல? அதனால அது சின்னது.”

“கட்டம் ஒண்ணுதான் இருக்கு மாப்பிள்ளை.”

“அப்ப ரெண்டு படிவம் போடுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு படிவம் என்றால் இரண்டு வண்டி. இரண்டு வண்டி என்றால் இரண்டு ஆள். இருக்கிற ஒரே இடத்துக்கு இந்த மனிதர் தனக்குத் தானே ஒரு போட்டியாளரை உண்டாக்கப் பார்க்கிறார். பேசாமல் படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

“இருபதுன்னு போட்டா பின் சக்கரத்தைப் புறக்கணிச்சதா ஆகும். இருபத்தாறுன்னு போட்டா முன் சக்கரத்தை. பாரபட்சம் இல்லாம நடுவுல என்ன வருது?”

“இருபத்து மூணு சார்.”

“போடுங்க. நாம யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணக்கூடாது.”

போட்டேன். கையெழுத்துகூட அன்றைக்கு முத்து முத்தாக வந்தது.

ஒரு மாதத்தில் முந்நூறு டயர்கள் வந்தன. முன் சக்கரத்தில் மாட்டினால் தொளதொளவென்று கழன்று விழுந்தன. பின் சக்கரத்தில் ஏறவே மறுத்தன. உடனே ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஐவரும் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் என்பதால் நடுநிலைக்குக் குறைவில்லை. குறிப்பெடுக்க நான் போயிருந்தேன்.

“டயருக்குப் படிவம் இருக்கா?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

“இருக்கு சார். ஒப்புதல் இருக்கு, முத்திரை இருக்கு, எல்லாம் முறைப்படி வந்தது” என்றார் மேலாளர்.

“சக்கரத்துக்கு?”

“அது வண்டியோடயே வந்துடுச்சு சார்.”

“அதாவது யாரும் கேட்காம வந்தது.”

“ஆமா சார்.”

“அப்புறம் தப்பு எதுலன்னு இன்னுமா புரியல?”

எல்லோருக்கும் புரிந்தது. டயருக்குப் பொருந்தாத சக்கரங்களை அகற்றி, தகுதியுள்ள சக்கரங்களைப் பொருத்தும் ‘சக்கர மேம்பாட்டுத் திட்டம்’ அன்று மாலையே பிறந்தது. புதுச் சக்கரங்கள் பளபளவென்று வந்தன. ஆரஞ்சு நிற ரிம், கறுப்புக் கம்பி. அலுவலர்கள் முறை வைத்துக்கொண்டு வண்டியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். முன்னும் இருபத்து மூன்று, பின்னும் இருபத்து மூன்று. பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது, நகராதவரை.

நகர்ந்தால் இரண்டு சங்கடங்கள். முன் சக்கரம் பெரிதாகிவிட்டதால் தெருமுனையில் திரும்பும்போது குதிகால் அதில் போய் இடித்தது. பின் சக்கரம் சின்னதாகிவிட்டதால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே இல்லை. முதல் வாரத்தில் மூன்று பேர் சாக்கடையில் விழுந்தார்கள். நான்காமவர் ஒரு சரிவில் இறங்கி, முடிவெட்டும் கடைக்குள் போய்த்தான் நின்றார். மாத அறிக்கையில் மேலாளர், ‘பிரேக் கட்டைகளில் தேய்மானம் அறவே இல்லை’ என்று சாதனைப் பட்டியலில் சேர்த்தார். பட்டுவாடா ஆகாத பதில்கள் என் அலமாரிக்கு மேல் அடுக்கப்பட்டன. உங்கள் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லையே என்று எங்களைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பதில் எப்போதோ தயார். நாங்கள் அப்படி ஒன்றும் அலட்சியமானவர்கள் இல்லை.

மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழுவின் முன் போய் நின்றார்.

“குதிகால் சக்கரத்துல இடிக்குது சார்.”

“எல்லாருக்குமா இடிக்குது?”

மாப்பிள்ளை நேர்மையானவர். அவரிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான். “சின்னக் கால் உள்ளவங்களுக்கு இடிக்கிறதில்ல சார்” என்று சொல்லித் தொலைத்தார்.

“அப்ப சக்கரத்துல குறை இல்ல” என்று தலைவர் கோப்பை மூடினார்.

மறுநாளே உத்தரவு: சாய்நிலை மிதிவண்டி ஓட்டுநரின் காலணி அளவு ஆறுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். மிகுந்த கால் உடையோர் இறுதித் தேர்வில் கலந்துகொள்ள இயலாது. அளந்து சான்று தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையின் கால் ஒன்பது.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மாப்பிள்ளையின் சட்டைக்கு முதுகுப் பக்கம் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்குக் கால்சட்டை தேயும், படுக்கை வண்டிக்காரர்களுக்கு முதுகுதான் தேயும்.

“ஏழு வருஷம் ஓட்டின மனுஷனுக்குக் கால் பெருசுன்னு வேலை இல்லையாமே! அந்தக் காலாலதானேண்ணா இத்தனை நாள் மிதிச்சாரு?”

“விதி அப்படி ஆயிடுச்சும்மா.”

“அந்த இருபத்து மூணை எழுதினது யாரு?”

“மேலாளர்தான் போடச் சொன்னாரு...”

“எழுதினது யாருண்ணா?”

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருட வேலையில் யாரும் என் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து இரண்டு சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழற்றிப் போட்ட பழைய சக்கரங்கள். சின்னதற்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிள் டயர், பெரியதற்குத் தன் சொந்தப் பழைய சைக்கிளின் டயர். உள்ளே ரிம் நாடா புதிதாகச் சுற்றி, டியூப் மாற்றி, ஒரு கோணலும் இல்லாமல் நேராக்கி வைத்திருந்தார். சுழற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

“இதை மாட்டிட்டு வரேன் மச்சான். மேல இருபத்து மூணுன்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கறேன். நீங்க காலை மட்டும் ஆறுன்னு எழுதிடுங்க.”

“பொய்யா எழுதச் சொல்றீங்களா?”

“அந்த இருபத்து மூணு மட்டும் என்ன மெய்யா?”

தங்கை மறுபடி என்னைப் பார்த்தாள். எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

தேர்வு நாளன்று வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உத்தரவுப்படி சின்னக் கால் கொண்ட மூவர் முதலில் வந்தார்கள். இருவர் பிரேக் பிடிக்காமல் பந்தல் காலில் மோதினார்கள். மூன்றாமவர் எதிலும் மோதவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. தெருக்கோடியில் மறைந்தவரை அப்புறம் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

பிறகு என் மாப்பிள்ளை வந்தார். வழுக்கிக்கொண்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வளைந்தார், எட்டுப் போட்டார், இயக்குநரின் காலடியில் சொன்ன கோட்டில் நின்றார். பத்தொன்பது ஆண்டில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு பொய் எழுதியிருக்கிறேன், முதல் தடவையாக ஒரு வண்டி ஒழுங்காக ஓடுகிறது.

இயக்குநர் குனிந்து பார்த்தார். “பின் சக்கரம் பெருசாத் தெரியுதே?”

மேலாளர் ஸ்டிக்கரைப் படித்தார். “ரெண்டும் இருபத்து மூணுதான் சார். முன் சக்கரம் கொஞ்சம் தள்ளி இருக்கறதால சின்னதாத் தெரியுது.”

“முன் சக்கரம்தானே எனக்குக் கிட்ட இருக்கு?”

“அதிகாரிகள் நிற்கிற உயரத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் சார் இருக்கும்.”

இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டினார். இருபத்து மூன்று அங்குலத்தின் வெற்றியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எல்லாக் கிளைகளிலும் இனி இதே அளவு என்று அங்கேயே அறிவித்தார். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். நிரந்தரப் பணி. இவ்வளவு திறமையானவரை வெயிலில் ஓட விடுவது நியாயமில்லை என்று ‘சக்கரத் தர மேற்பார்வையாளர்’ பதவியும் தந்தார்கள். என் மேசைக்கு எதிரிலேயே மேசை போட்டார்கள். நாற்காலி சாய்கிற ரகம்.

தங்கை அன்று அழுதாள். “இனிமே அவரு அந்தக் கட்டத்தை ரெண்டாக்கிடுவாருண்ணா, பாரு” என்றாள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். படிவத்தைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு இப்போது உண்டு.

மூன்றாம் வாரம், அவருடைய பழைய தெருக்களுக்குப் புதிதாக எடுத்திருந்த, இன்னும் கால் அளந்து சான்று தராத பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தாள். குதிகாலில் துணி சுற்றியிருந்தது. சாய்நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் முன் வண்டியை நிறுத்தினாள்.

“சார், முன்னாடிக்கு இருபதும் பின்னாடிக்கு இருபத்தாறும் குடுத்தா ஓட்டிடுவேன் சார்.”

மாப்பிள்ளை எழுந்து வந்து, பழைய வழக்கப்படி டயரை விரலால் தடவினார். பாதிச் சுற்றில் நிறுத்திக்கொண்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்தார்.

“நம்மகிட்ட இருபத்து மூணுதாம்மா இருக்கு.”

“நீங்க இதுலதானே சார் ஓட்டிக் காட்டினீங்க? உங்களைப் பார்த்துத்தானே எல்லாருக்கும் இதையே போட்டாங்க? எப்படி சார் ஓட்டினீங்க? அதையாவது சொல்லிக் குடுங்க.”

உண்மையைச் சொன்னால் அந்த மேசை போய்விடும். எதிரில் இருக்கிற என் மேசையும் சேர்ந்து போகும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அலமாரிக்கு மேலே இருந்த கட்டுகளைப் பார்த்தேன்.

“பழகினா வந்துடும்மா” என்றார் மாப்பிள்ளை. பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய்ச் சாய்ந்துகொண்டார். “கால் அளவு என்ன?”

“எட்டு சார்.”

“இந்த ஆபீஸ்ல உனக்கு அண்ணன், மச்சான் யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல சார்.”

“அப்ப உள்ளதைத்தான் எழுத முடியும்” என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் கால் அளவுச் சான்றை எடுத்து எட்டு என்று எழுதினேன்.